ஒரே கோட்டுக் கையை ஏன் ஆறு முறை தைக்கிறாள்?

சேலத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் சென்னையில் ஃபேஷன் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் இரண்டு வாரமாகக் காடாத் துணியில் ஒரு கோட்டின் கையை மட்டும் தைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். இப்போது ஆறாவது கை. கூடத்தில் ஒரு பாவாடை இரண்டு நாளாகச் சும்மா தொங்குகிறது, அதைத் தொடவும் விடுவதில்லை. "எங்கள் தெருத் தையல்காரர் இதை ஒரே நாளில் தைத்துவிடுவார். அவரிடம் கொடுத்துவிட்டால் பிள்ளை தூங்கவாவது தூங்குவாள். இவ்வளவு பணம் கட்டி இவள் அப்படி என்னதான் படிக்கிறாள்?" என்பது அவர் கேள்வி.

அம்மா, நான் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களின் மாதிரித் தையல் பிரிவில் பல ஆண்டுகள் பட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித அச்சு, வெட்டினேன். இப்போது மாணவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். கடைசியில் வரவேண்டிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் கைக்கு வேலை நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம். உங்கள் மகள் வெட்டிய கையில் தவறு இருந்தால் அவர் ஒரு வார்த்தை கேட்காமல் திருத்திவிடுவார். அக்குளில் அரை அங்குலம் பிடித்து, தோளில் கொஞ்சம் வெட்டி, அழகாக உட்காரவைத்துக் கொடுத்துவிடுவார். கோட்டு நன்றாக இருக்கும். எங்கே பிசகியது என்பது மட்டும் உங்கள் மகளுக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

ஃபேஷன் படிப்பு என்றாலே அழகாகப் படம் வரைவது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வரையத் தெரிய வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மனித உடலின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. ஃபேஷன் படத்தில் அதை 9 தலை, 10 தலை உயரத்துக்கு நீட்டி வரைவது வழக்கம். நீட்டியதில் பெரும்பகுதி காலுக்குப் போய்விடும். அந்த உடம்பில் எந்தத் துணியும் அருவிபோல விழும். உண்மையான உடம்புக்கு இடுப்பு உண்டு, தோள்பட்டை எலும்பு உண்டு, அது உட்காரும், குனியும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும். காகிதத்தில் இருப்பதை இந்த ஏழரைத் தலை உடம்புக்கு இறக்கிக் கொண்டுவருவதுதான் உங்கள் மகளின் நான்கு ஆண்டுப் படிப்பு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. 1986இல் தொடங்கிய நிஃப்ட், அதுதான் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், தன் வடிவமைப்புப் படிப்புகளுக்கான சேர்க்கையிலேயே, கொடுத்த பொருட்களைக் கொண்டு கையால் ஒரு மாதிரி செய்துகாட்டும் தேர்வு வைத்தது. உள்ளே நுழையும் முன்பே கை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள்.

கை கற்கும் முதல் பெரிய பாடம் டார்ட். தையல் கடையில் 'டாட் பிடிப்பது' என்பார்களே, அதுவேதான். நம் வீட்டில் எல்லோருக்கும் இது வேறொரு உருவத்தில் தெரியும். கோயிலில் சுண்டல் வாங்கும் தொன்னையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான இலை அப்படியே குழிந்துவிடாது. ஓரத்தை ஓரிடத்தில் மடித்து ஈர்க்குக் குத்தினால்தான் நடுவில் குழி விழும். தட்டையான துணி மார்பின் மேட்டையும் இடுப்பின் ஒடுக்கத்தையும் தழுவி நிற்பதற்கும் இதே மடிப்புதான் வழி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொன்னையின் மடிப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் குழி அதே குழிதான். அதுபோல, மார்பின் உச்சிப் புள்ளியை மையமாக வைத்து, டார்ட்டைத் தோளிலிருந்து பக்கத் தையலுக்கோ, கழுத்துக்கோ, இடுப்புக்கோ சுழற்றிக் கொண்டுபோகலாம். பொருத்தம் மாறாது, தோற்றம் அடியோடு மாறிவிடும். மாணவர்கள் முதலில் இதைப் பாதி அளவுக் காகிதத்தில் செய்வார்கள்: புதிய இடத்தில் கத்தரித்து, பழைய மடிப்பை மூடினால், புதிய வாய் தானே திறக்கும். அந்த நொடியில் சில பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை மனப்பாடம் செய்த அளவுகள் எல்லாம் அப்போதுதான் பொருள் கொள்ளும். பிரின்சஸ் கட் என்று உங்கள் தையல்காரர் தைக்கிறாரே, அதுவும் இரண்டு டார்ட்டுகளை ஒரே கோடாக இணைத்து அந்தக் கோட்டையே தையலாக்கியதுதான். இது புரிந்தவளுக்குப் பட்டர்ன் புத்தகம் வேண்டியதில்லை, அவளே புதியது உண்டாக்குவாள்.

இப்போது கூடத்தில் தொங்கும் பாவாடைக்கு வருகிறேன்.

ஒரு கைக்குட்டையை எடுத்து எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள். அசையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நேராக நின்று தாங்கும். அகலவாக்கில் ஓடும் ஊடை திசையில் இழுத்தாலும் கொஞ்சம்தான் கொடுக்கும். இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். ரப்பர்போல நீளும். நூல் நீளவில்லை, பாவும் ஊடையும் வெட்டிக்கொள்ளும் சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிகின்றன. இந்த 45 பாகைச் சாய்வில் வெட்டுவதைத்தான் கிராஸ் கட், குறுக்கு வெட்டு என்கிறோம். அப்படி வெட்டிய பாவாடை உடம்போடு ஒட்டி வழுக்கி விழும். ஆனால் அது தன் எடையாலேயே இறங்கவும் செய்யும், அதுவும் எல்லா இடத்திலும் சமமாக இறங்காது. தைத்த அன்றே ஓரம் அடித்தால் ஒரு வாரத்தில் கீழ் ஓரம் அலை அலையாக நிற்கும். அதனால் ஒரு நாளாவது தொங்கவிட்டு, இறங்க வேண்டியது இறங்கிய பிறகு, தரையிலிருந்து அளந்து வெட்டி ஓரம் அடிக்க வேண்டும். உங்கள் மகள் சும்மா விட்டுவைக்கவில்லை, துணி தன் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.

இந்தக் குறுக்குத் துணியை உலகுக்குச் சரியாகப் புரியவைத்தவர், பாரிசில் 1912இல் தன் ஆடையகத்தைத் திறந்த மாதலேன் வியோனே. அவர் ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றி ஊசி குத்தியே வடிவங்களைக் கண்டுபிடித்தார். வகுப்பில் டம்மியின் மேல் துணி போர்த்தி வடிவம் எடுக்கும் டிரேப்பிங் பாடம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொம்மை நினைவுக்கு வரும். நமக்கும் இது புதிதல்ல. ஐந்தரை மீட்டர்ப் புடவையை ஒரு வெட்டும் ஒரு தையலும் இல்லாமல் உடம்பில் நிறுத்துகிறீர்கள். கொசுவம் எங்கே நேராக விழுகிறது, முந்தானை எங்கே குறுக்காக ஏறித் தோளில் வளைகிறது என்று உங்கள் விரலுக்குத் தெரியும். உங்கள் மகள் அதைப் பெயர் சொல்லிக் கற்கிறாள்.

நூலின் திசை எவ்வளவு கண்டிப்பானது என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தை இன்னும் மறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துணி மிச்சமாகட்டும் என்று ஒரு கால்சட்டைப் பட்டர்னைச் சற்றே சாய்த்து வைத்து வெட்டினேன். தைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஒரு முறை துவைத்ததும் பக்கத் தையல் முழங்காலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றது. அந்த மாதிரியை நான் தூக்கி எறியவில்லை. இன்றும் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.

சரி, ஆறு கைகள்.

ஆடையின் எல்லாப் பகுதிகளிலும் கடினமானது கை. காரணம், மற்ற பகுதிகள் உடம்பை மூடுகின்றன, கை உடம்போடு சேர்ந்து அசைகிறது. உங்கள் ரவிக்கைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். ரவிக்கை முழுவதும் மேலே ஏறுகிறதா? ஏறினால் பெரும்பாலும் அக்குள் வளைவு கீழே இறங்கியிருக்கிறது. அக்குளைத் தளர்வாக வெட்டினால் கை வசதியாக அசையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நேர்மாறு. அக்குள் வளைவு உடம்புக்கு அருகே, உயரத்தில் இருந்தால் கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் போகும். கீழே இறங்கியிருந்தால் அது இடுப்பு வரையிலான துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதைச் சொன்னால் எந்த மாணவரும் நம்புவதில்லை. இரண்டு விதமாகவும் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். உங்கள் மகளின் முதல் இரண்டு கைகள் அநேகமாக அங்கே போயிருக்கும்.

அடுத்தது கையின் மேல் வளைவு. நாங்கள் அதைக் கேப் என்போம். அதன் சுற்றளவு அக்குள் வளைவின் சுற்றளவைவிட ஓர் அங்குலம் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்த உபரியை மடிப்பே தெரியாமல் தோள் முனையில் கரைத்துத் தைக்க வேண்டும், அப்போதுதான் தோள் உருண்டையாக நிற்கும். கூடினால் சுருக்கம் விழும், குறைந்தால் தோளில் துணி இழுத்துப் பிடிக்கும். பருத்திக் காடா ஓரளவுதான் பொறுத்துக்கொள்ளும், கம்பளித் துணி நீராவி இஸ்திரியில் நிறையவே சுருங்கிக்கொடுக்கும். மூன்றாவது, கையின் சாய்வு. நின்றுகொண்டிருக்கும்போது நம் கை நேராகத் தொங்குவதில்லை, சற்று முன்பக்கம் சாய்ந்து தொங்குகிறது. கையை அதற்கேற்பத் திருப்பி வைக்காவிட்டால் முழங்கைக்கு மேலே குறுக்கே ஒரு சுருக்கம் வந்து நிற்கும்.

இந்தச் சுருக்கங்களைப் படிப்பதுதான் என் கருத்தில் இந்தப் படிப்பின் உயிர். இழுபடும் துணியில் விழும் கோடு எப்போதும் குறை இருக்கும் இடத்தைச் சுட்டும். தோளிலிருந்து கோடு அக்குளுக்கு ஓடினால் ஒரு நோய், மார்பிலிருந்து பக்கத்துக்கு ஓடினால் வேறொரு நோய். நாடி பிடிப்பதுபோல இது வரும், ஆனால் தானே தவறு செய்து, அதே தவறைத் துணியில் கண்ணால் கண்டவளுக்கு மட்டுமே வரும். ஆறு கைகளில் முதல் ஐந்தும் வீணாகவில்லை. அவற்றைக் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியையும், எதை மாற்றினாள் என்பதையும் பேனாவால் துணியின் மேலேயே எழுதிவைக்கட்டும்.

துணியைப் பற்றிய பாடங்களும் கையாலேயே நடக்கும். ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுங்கும் கரிய மணியாகும். பாலியஸ்டர் உருகி, நசுக்க முடியாத கெட்டியான மணியாகும். பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நிறுத்து, கிடைக்கும் கிராமை 100ஆல் பெருக்கி, ஒரு சதுர மீட்டர் எடையைக் கண்டுபிடிப்பார்கள். அவுரித் தொட்டியில் துணியை முக்கி எடுக்கும்போது அது பச்சை கலந்த மஞ்சளாக வரும், காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். நீரில் கரையாத அவுரியைத் தொட்டியில் கரையவைத்து இழைக்குள் ஏற்றுகிறோம், காற்று அதை மறுபடி கரையாததாக்கி உள்ளேயே பூட்டிவிடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. முழங்கை வரை நீலமாகி நின்றவளுக்கு ஏன் ஒரே முக்கில் அடர்நிறம் வராது, ஏன் முக்கிக் காயவைத்து மறுபடி முக்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல கல்லூரிகள் மாணவர்களைக் கைத்தொழில் ஊர்களுக்கும் அனுப்புகின்றன. மதுரையில் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்களின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால், ஒரு புடவையில் எத்தனை புள்ளி வரையலாம் என்று யோசிக்காமல் இனி வரைய மாட்டாள். காஞ்சிபுரத்தில், உடலுக்கு ஒரு நிறம் இரண்டு கரைக்கும் வேறு நிறம் என்று காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் தீட்டிவிடலாம். தறியில் அதற்கு ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும், உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை போட உடன் ஒருவர் உட்கார வேண்டும். தன் ஒரு கோடு இன்னொருவரின் எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் வடிவமைப்பாளர் ஆகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இதில் படைப்பு எங்கே என்று கேட்பீர்கள். ஒரு மாணவியின் வேலையைச் சொல்கிறேன். சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாட்டை எடுத்துக்கொண்டாள். முதலில் அவள் கொண்டுவந்தது புகைப்படங்கள் ஒட்டிய ஒரு மூட் போர்டு. அழகாக இருந்தது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. படம் பார்த்தது போதும், சும்மாடு சுற்றக் கற்றுக்கொண்டு வா என்றேன். சந்தையில் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டு வந்தாள். துண்டை முறுக்கி வளையமாக்கி, முனையை உள்ளே செருகி முடிக்கும் அந்த முறை அவள் கைக்கு வந்த பிறகுதான் யோசனை பிறந்தது: முடிச்சும் பொத்தானும் இல்லாமல் முறுக்கின் பிடியாலேயே நிற்கும் ஒரு கழுத்துப் பட்டை.

முதல் மாதிரியில் உள்ளே பஞ்சு அடைத்தாள். எடை பின்கழுத்தில் இறங்கி, முன்கழுத்துத் தொண்டையில் ஏறி நெரித்தது. இரண்டாவதில் பஞ்சைக் குறைத்தாள், பட்டை நின்றது, ஆனால் வளைவில் உள்பக்கம் சுருக்கம் விழுந்தது. மூன்றாவதில் வெளித்துணியைக் குறுக்கு வெட்டில் வெட்டினாள். சுருக்கம் போனது, பட்டை தொய்ந்தது. கடைசியில் பஞ்சை முழுக்க எடுத்துவிட்டு, குறுக்கில் வெட்டிய ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியைச் சுருட்டி உள்ளே வைத்தாள். காற்றுபோல எடை, அதே சமயம் விறைப்பு. அந்தக் கழுத்தைப் படத்தில் யாரும் வரைந்திருக்க முடியாது. நான்கு மாதிரி தைத்ததால் அது பிறந்தது.

இப்படித் தைக்கும் வரிசையே யோசனையாக மாறுவதும் உண்டு. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993இல் கொண்டுவந்த பிளீட்ஸ் பிளீஸ் ஆடைகளில், துணியை மடித்துப் பிறகு தைப்பதில்லை. தேவையைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக ஆடையை முதலில் தைத்துவிட்டு, முழு ஆடையையும் காகிதங்களுக்கு நடுவே வைத்து வெப்பத்தில் மடிப்பு ஏற்றுகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் தோன்றும் யோசனை அல்ல இது. துணியைத் திரும்பத் திரும்பச் சோதித்தவர்களுக்குக் கிடைத்தது.

பருவத்தின் முடிவில் ஜூரி நடக்கும். ஆசிரியர்களும் தொழிலில் இருப்பவர்களும் உட்கார்ந்து ஆடையைப் பார்ப்பார்கள். நான் உட்காரும்போது முதலில் கேட்பது ஆடையை அல்ல, சரியாக வராமல்போன மாதிரிகளின் பையை. பை காலியாக இருந்து ஆடை மட்டும் கச்சிதமாக இருந்தால், யார் தைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். உட்தையலைத் திருப்பி, இந்த நாட்ச், அதாவது துணி ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்த சிறு வெட்டு, எதற்கு என்று ஒரு கேள்வி போதும். கடைசி ஆண்டு ஆடைகளை வெளியே கொடுத்துத் தைப்பதைக் கண்டுகொள்ளாமல் விடும் கல்லூரிகள் இருக்கின்றன. அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். சென்னையிலோ திருப்பூரிலோ மாதிரித் தையல் பிரிவில் வேலைக்குப் போன முதல் வாரமே, வாங்குபவர் திருப்பி அனுப்பிய ஆடையைக் கையில் கொடுத்து என்ன கோளாறு என்று கேட்பார்கள். அங்கே அழகான படம் உதவாது.

ஆகவே வேலையைத் தையல்காரரிடம் கொடுக்காமல், முடிந்தால் மகளைத் தையல்காரரிடம் அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் இந்த விடுமுறையில் தினமும் இரண்டு மணி நேரம் அவர் கடை பெஞ்சில் உட்காரட்டும். டேப் எடுத்தவுடன் ஆளின் எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது என்று அவர் கண் எப்படிப் பார்க்கிறது, கத்தரி எங்கே நிதானிக்கிறது என்று பார்க்கட்டும். இங்கிலாந்தின் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் 16 வயதில், தையலுக்குப் பெயர்போன லண்டன் சாவில் ரோ தெருவின் தையலகம் ஒன்றில் பயிற்சி பெறச் சேர்ந்தவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் 1992இல் படிப்பை முடித்துக் காட்டிய ஆடைகள் அவரைப் பற்றிப் பலரையும் பேசவைத்தபோது, அந்த வெட்டுக்குப் பின்னால் தையலக பெஞ்சு இருந்தது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிக்கு விலை உயர்ந்த துணி வேண்டாம், காடா போதும். ஆனால் சிஃபானில் வரப்போகும் ஆடையைக் காடாவில் சோதித்தால் காடா பொய் சொல்லும். அதற்கு உங்கள் பழைய சிஃபான் புடவை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். காகிதத்துக்கு ஒரு கத்தரி, துணிக்கு ஒரு கத்தரி. துணிக் கத்தரியை யாரும் வேறெதற்கும் எடுக்கக் கூடாது, நல்ல செலவு அதில் செய்யுங்கள். டம்மி இப்போதே வாங்க அவசியமில்லை, கல்லூரியில் இருக்கிறது. தூக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நான். இரவு ஒரு மணிக்கு மேல் வெட்டிய துணி பெரும்பாலும் காலையில் மறுபடி வெட்ட வேண்டியதாகிறது. தைப்பது இரவில் நடக்கட்டும், வெட்டுவது பகலில் நடக்கட்டும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆறாவது கை முடிந்ததும், கோட்டு உங்கள் அளவுக்கு ஏறக்குறைய வந்தால், நீங்களே அதைப் போட்டுக்கொண்டு சமையலறை மேல் தட்டிலிருந்து ஒரு சம்படத்தை எடுங்கள். கோட்டின் கீழ் ஓரம் இடுப்பிலேயே நிற்கிறதா, மேலே ஏறுகிறதா என்று அவள் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.